செத்த பன்றியின் சாட்சியம்

வீட்டுப்பன்றிக்கும் காட்டுப்பன்றிக்கும் விலங்கியலில் ஒரே பெயர்தான்: சூஸ் ஸ்க்ரோஃபா. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் பழக்கிவிட்ட பன்றி, அவிழ்த்துவிட்டால் இன்றும் காட்டுப்பன்றியோடு இணைசேர்ந்து குட்டி போடும்; அந்தக் குட்டிகளும் மலடாவதில்லை. உடல் ஒன்றாக இருப்பதால் நோயும் ஒன்றே. பண்ணையில் ஒரு பன்றியைக் கொல்லும் வைரஸ், வேலிக்கு அப்பால் கிழங்கு தோண்டிக்கொண்டிருக்கும் பன்றியையும் கொல்லும். ஆனால் பண்ணைப் பன்றிக்கு உரிமையாளர் உண்டு, எண்ணிக்கை உண்டு. தீவனம் வைக்கும்போது தினமும் ஒருவர் அதைப் பார்க்கிறார். காட்டுப்பன்றி இரவில் மேய்கிறது, பகலில் புதரில் படுத்துக்கிடக்கிறது, செத்தால் யாருக்கும் தெரிவதில்லை. ஒரே நோயை இந்த இரண்டு இடங்களிலும் கண்காணிக்க இரண்டு வழிகள் வேண்டியிருப்பது இதனால்தான்.

பன்றிகளைத் தாக்கும் வைரஸ்களின் பட்டியல் நீளமானது. கோமாரி, ஆஜெஸ்கி, இன்ஃப்ளூயென்சா என்று அடுக்கலாம். ஆனால் பண்ணையோடு நிற்காமல் காட்டுக்குள்ளும் ஆள் அனுப்பி அரசுகள் பெருஞ்செலவு செய்வது முக்கியமாக இரண்டு நோய்களுக்காக: கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சல், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 2009-இல் உலகெங்கும் பரவிய எச்1என்1 சளிக்காய்ச்சலைத் தமிழ் நாளிதழ்கள் ‘பன்றிக் காய்ச்சல்’ என்றே எழுதின. அது மனிதருக்கு வரும் நோய். இந்த அத்தியாயத்தின் இரண்டு காய்ச்சல்களும் மனிதரைத் தொற்றுவதில்லை. நோயுற்ற பன்றியின் இறைச்சியைச் சாப்பிட்டவருக்குக்கூட அந்த வைரஸால் எதுவும் ஆகாது. கேட்க ஆறுதலாக இருக்கும் இந்தச் செய்திதான் கண்காணிப்பவர்களுக்குத் தலைவலி. சாப்பிடுபவருக்கு ஆபத்தில்லாத இறைச்சி சந்தைக்கும் பயணப் பைக்கும் தயக்கமின்றிப் போய்ச் சேர்கிறது.

இரண்டு காய்ச்சல்கள்

பழைய கால்நடை மருத்துவர்கள் ‘ஹாக் காலரா’ என்று அழைத்தது கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலைத்தான். அதை உண்டாக்குவது சிறிய ஆர்என்ஏ வைரஸ். அதன் மரபுக்குறிப்பு சுமார் 12,300 எழுத்துகள் மட்டுமே. ஆப்பிரிக்கக் காய்ச்சலின் வைரஸ் அதற்கு உறவே இல்லாத வேறு குலம். அது பெரிய டிஎன்ஏ வைரஸ். 1,70,000 எழுத்துகளுக்கு மேல், 150-க்கும் அதிகமான மரபணுக்கள். அஸ்ஃபார்விரிடே என்னும் அதன் குடும்பத்தில் முறைப்படி ஏற்கப்பட்ட உறுப்பினர் அது ஒன்றுதான். 1921-இல் மாண்ட்கமரி என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் கென்யாவில் ஐரோப்பியக் குடியேறிகளின் பன்றிகள் மடிவதைப் பார்த்து இந்த நோயை முதன்முதலில் விவரித்தார். ஆப்பிரிக்காவில் அது வார்ட்ஹாக் எனப்படும் மருப்புப் பன்றிகளுக்கும், அவற்றின் வளைகளில் வாழும் உண்ணிகளுக்கும் இடையே சுழன்றுகொண்டிருந்தது. அந்தப் பன்றிகளுக்கு நோய்க்குறி எதுவும் தெரிவதில்லை. ஐரோப்பாவிலிருந்து போன பன்றிகள்தான் செத்தன.

வெளிப்பார்வைக்கு இரண்டு காய்ச்சல்களையும் பிரித்தறிய முடியாது. கடும் காய்ச்சல், தீவனத்தில் வாய் வைக்காமை, ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக்கொள்ளுதல், காதிலும் வயிற்றிலும் நீலச்சிவப்புத் திட்டுகள், பின்னங்கால் தள்ளாட்டம், பிறகு சாவு. உடலை அறுத்துப் பார்த்தால் ஆப்பிரிக்கக் காய்ச்சலில் மண்ணீரல் கறுத்துப் பெருத்திருக்கும் என்பார்கள். அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லும் மருத்துவர் இன்று இல்லை. எனவே ஆய்வகம் இல்லாத கண்காணிப்பு வெறும் ஊகம். இந்தியா போன்ற நாட்டில் இது பெரிய சிக்கல். இங்கே கிளாசிக்கல் காய்ச்சல் நெடுங்காலமாக இருப்பதால், புதிய நோய் வந்தாலும் பழையதென்றே முதலில் நினைக்கத் தோன்றும்.

கண்காணிப்பைத் தீர்மானிப்பது வேறொரு வேறுபாடு. கிளாசிக்கல் காய்ச்சல் எல்லாப் பன்றிகளையும் கொல்வதில்லை. வளர்ந்த பன்றிகளில் பல லேசான காய்ச்சலோடு தேறி, நோயை வென்றதற்கு அடையாளமான எதிர்ப்பொருளைத் தம் இரத்தத்தில் நெடுங்காலம் சுமந்து திரிகின்றன. சினையாக இருக்கும்போது தொற்றினால், பிறக்கும் குட்டிகள் சில மாதங்கள்வரை வைரஸைக் கக்கிக்கொண்டே உயிர் வாழ்வதுமுண்டு. ஆப்பிரிக்கக் காய்ச்சலின் இன்றைய யுரேசிய வகையோ, தொற்றிய பன்றிகளில் நூற்றுக்கு 90-க்கு மேல் கொல்கிறது. நோய்க்குறி தோன்றிய சில நாட்களில், எதிர்ப்பொருள் உருவாகும் முன்பே பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன. முதல் நோய் உயிரோடிருக்கும் பன்றியின் இரத்தத்தில் தடயம் விடுகிறது. இரண்டாவது நோயின் தடயம் பிணம்தான்.

59 என்ற எண்

ஐரோப்பியக் காடுகளில் காட்டுப்பன்றிக் கண்காணிப்பு கிளாசிக்கல் காய்ச்சலை வைத்தே வளர்ந்தது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் வேட்டை முறைப்படி உரிமம் பெற்ற பொழுதுபோக்கு. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் காட்டுப்பன்றிகள் சுடப்படுகின்றன. சுட்ட பன்றியிலிருந்து வேட்டைக்காரர் கொஞ்சம் இரத்தமும் ஒரு துண்டு உறுப்பும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. எத்தனை மாதிரி போதும் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வழிகாட்டி ஒரு எண் சொன்னது: ஒவ்வொரு காட்டுப்பகுதிக்கும் 59.

இந்த எண் பள்ளிக்கூடக் கணக்கில் வருவது. கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்து பன்றிகளுக்கு நோய் வந்த அடையாளம் இருப்பதாக வைத்துக்கொண்டால், கண்ணை மூடிக்கொண்டு ஒரு பன்றியைத் தேர்ந்தால் அது நோயற்றதாக இருக்கும் வாய்ப்பு 0.95. இரண்டுமே நோயற்றவையாக இருக்க 0.95-ஐ 0.95-ஆல் பெருக்க வேண்டும். இப்படி 59 முறை பெருக்கினால் விடை 0.05-க்குச் சற்றுக் கீழே வரும். அதாவது 59 மாதிரிகளும் சுத்தமாக இருந்தால், அந்தக் காட்டில் நோய் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். நோய் நூற்றுக்கு ஒன்றுதான் என்றால் அதே உறுதிக்கு 299 மாதிரிகள் வேண்டும். நோய் அரிதாக ஆக, தேட வேண்டிய தொகை எகிறுகிறது.

கிளாசிக்கல் காய்ச்சலுக்கு இந்தக் கணக்கு ஒத்துவந்தது. நோய் நுழைந்து சில மாதங்கள் ஆன காட்டில் எதிர்ப்பொருளைச் சுமக்கும் பன்றிகள் நூற்றுக்கு ஐந்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். சுடப்பட்டவற்றின் இரத்தமே காட்டின் கதையைச் சொன்னது. தடுப்பு மருந்தைத் தின்பண்டத்தில் பொதிந்து காட்டில் போட்டும், கூடவே மாதிரிகளைப் பார்த்தும் ஜெர்மனி தன் காட்டுப்பன்றிகளிடமிருந்து இந்த நோயை 2009 வாக்கில் ஒழித்தது. இதில் ஒரு சங்கடமும் இருந்தது. மருந்தால் வரும் எதிர்ப்பொருளையும் நோயால் வரும் எதிர்ப்பொருளையும் அந்தச் சோதனையால் பிரிக்க முடியவில்லை. தின்பண்டம் தூவிய காட்டில் இரத்தச் சோதனை ஊமையாகிவிடும். அதன்பின் வைரஸையே தேட வேண்டும். 2018-இல் ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் 26 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தக் காய்ச்சல் தலைகாட்டியபோது, அந்நாடும் அடுத்த ஆண்டே காட்டில் தின்பண்டம் போடத் தொடங்கியது. இதே சங்கடம் அங்கும் போனது.

கருங்கடல் துறைமுகத்திலிருந்து

2007-இல் ஜார்ஜியா நாட்டின் போத்தி துறைமுகத்தை ஒட்டி ஆப்பிரிக்கக் காய்ச்சல் வெடித்தது. கப்பலில் வந்த உணவுக் கழிவைப் பன்றிகள் தின்றிருக்கலாம் என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். அங்கிருந்து ஆர்மேனியா, அஜர்பைஜான், ரஷ்யா, 2012-இல் உக்ரைன், 2013-இல் பெலாரஸ், 2014-இன் தொடக்கத்தில் லிதுவேனியாவும் போலந்தும், அதே ஆண்டில் லாத்வியாவும் எஸ்தோனியாவும். 2018 ஆகஸ்டில் சீனாவின் ஷென்யாங். உலகப் பன்றிகளில் ஏறத்தாழப் பாதியை வளர்க்கும் நாட்டுக்குள் அது போனபின் இறைச்சி விலை கண்டங்கள் தோறும் ஆடியது.

பால்டிக் நாடுகளின் காடுகளில் பழைய முறையை அப்படியே நீட்டிப் பார்த்தார்கள். வேட்டைக்காரர்கள் மாதிரி அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கில் சோதித்தும் நோய் கண்டவை நூற்றுக்கு ஒன்றிரண்டைத் தாண்டவில்லை. அதே காடுகளில் தானாகச் செத்துக்கிடந்த பன்றிகளைச் சோதித்தபோது பாதிக்கு மேல் வைரஸ் இருந்தது. காரணம் எளிது. தொற்றிய பன்றி பத்துப் பதினைந்து நாளில் இறந்துபோகிறது. எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும், உயிரோடு ஓடும் கூட்டத்தில் நோயுற்றவை மிகச் சிலவே. வேட்டைக்காரர் சுடுவதோ ஓடுகிற பன்றியை. காய்ச்சலில் கிடக்கும் பன்றி புதரை விட்டு வெளியே வருவதில்லை. 59 நல்ல மாதிரிகள் கையில் இருக்கும்போதே காட்டுக்குள் பன்றிகள் கொத்துக்கொத்தாக மடிந்துகொண்டிருக்கலாம்.

இதைப் புரிந்துகொண்டபின் ஐரோப்பியக் கண்காணிப்பு தலைகீழானது. சுட்ட பன்றி இரண்டாம் இடத்துக்குப் போனது. செத்துக்கிடக்கும் பன்றியைக் கண்டுபிடிப்பதும், கண்டவர் சொல்வதும் முதலிடம் பிடித்தன. கால்நடை மருத்துவத்தில் இதற்குச் ‘செயலற்ற கண்காணிப்பு’ என்று பெயர். அதிகாரி தேடிப்போகாமல் தகவல் வருவதற்குக் காத்திருப்பதால். பெயர் பொருத்தமில்லாதது. இந்தப் பணியில் நாள் முழுதும் முள்ளும் சேறும் மிதிக்கும் ஆட்களிடம் அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

இந்நோயைப் பற்றிய இன்னொரு பொதுக்கருத்தும் அப்போது உடைந்தது. காட்டுத்தீ போலப் பரவும் என்றே எல்லாரும் எழுதினார்கள். காட்டில் அது நடந்துதான் போகிறது; காட்டுப்பன்றிகளிடம் மட்டும் விட்டால் ஆண்டுக்குச் சுமார் பத்து கிலோமீட்டர். பல நூறு கிலோமீட்டர் தாண்டி ஓரிடத்தில் திடீரென்று தோன்றினால், அதைத் தூக்கிவந்தது மனிதன்: லாரிச் சக்கரம், வேட்டைப் பூட்ஸ், சாலையோரக் குப்பைத்தொட்டியில் எறியப்பட்ட ஒரு துண்டு சாசேஜ். உப்பிட்டு உலர்த்திய தொடை இறைச்சியில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

ஸ்லீன், எத்தால்

2017 ஜூனில் செக் நாட்டின் ஸ்லீன் நகரையொட்டிய வயல்வெளியில் செத்துக்கிடந்த காட்டுப்பன்றிகளில் நோய் உறுதியானது. அருகில் வேறெங்கும் நோய் இல்லை. அந்த நாடு செய்தவற்றுள் முதன்மையானது வேட்டையை உடனே நிறுத்தியதுதான். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பன்றிகள் சிதறி ஓடும், நோயும் கூடவே ஓடும். விளைந்து நின்ற பயிரைக்கூட அறுக்காமல் விட்டார்கள், பன்றிகள் அங்கேயே தின்றுகொண்டு நிற்கட்டும் என்று. மின்வேலியும் நாற்றவேலியும் போட்டார்கள். சடலத்தைக் கண்டு சொன்னவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். மாதங்கள் கழித்து, நோய் தணிந்தபின்தான் காவல்துறையின் குறிபார்த்துச் சுடுபவர்கள் உள்ளே விடப்பட்டார்கள். நோய் உறுதியான ஏறத்தாழ 230 பன்றிகளில் 200-க்கு மேல் செத்துக் கிடைத்தவை. சுட்டவை இருபதுக்கும் குறைவு. ஒரு பண்ணைக்கும் நோய் போகவில்லை. 2019-இல் நாடு நோயற்றதென அறிவிக்கப்பட்டது. 2022 இறுதியில் எல்லை தாண்டி நோய் மீண்டும் வந்தது வேறு கதை.

2018 செப்டம்பரில் பெல்ஜியத்தின் தென்கோடியில் எத்தால் என்ற ஊரின் காட்டில் அதே கதை, இன்னும் பெரிய அளவில். 63,000 ஹெக்டேர் பரப்பில் வேட்டையோடு மரம்வெட்டலும் நடைப்பயணமும் தடை செய்யப்பட்டன. சுமார் 300 கிலோமீட்டர் நீளத்துக்கு வேலி எழுந்தது. நோய் உறுதியான காட்டுப்பன்றிகள் 800-ஐத் தாண்டின. அவற்றில் பெரும்பாலானவற்றை நடந்தே தேடிக் கண்டெடுத்தார்கள். 2019 ஆகஸ்டுக்குப் பின் புதிய சடலம் எதிலும் வைரஸ் இல்லை. 2020 மார்ச் வரை கிடைத்ததெல்லாம் வெளுத்த எலும்புகள். அவற்றில் வைரஸின் டிஎன்ஏ இருந்தது, ஆனால் அது மாதங்களுக்கு முன் இறந்த பன்றியின் செய்தி. நோய் இருக்கிறது என்பதற்கும் நோய் இருந்தது என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல, எலும்பின் வயதைக் கணிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். அந்த ஆண்டின் இறுதியில் பெல்ஜியம் விடுபட்டது.

சடலத்தைத் தேடுவதே இன்று ஒரு தனிக் கலை. காய்ச்சல் கண்ட பன்றி குளிர்ந்த, ஈரமான, அடர்ந்த இடத்தை நாடுகிறது: ஓடைக்கரை, நாணற்காடு, நெருக்கமாக வளர்ந்த இளமரத் தோப்பு. ஆட்கள் வரிசையாக நடந்து தேடும்போது இந்த இடங்களை விட்டுவிட்டால் பாதிக்குமேல் தவறிப்போகும். ஜெர்மனியில் பன்றிச் சடலத்தின் வாடைக்கென்றே நாய்களைப் பழக்குகிறார்கள்; வெப்பத்தை உணரும் கேமராவோடு ட்ரோன்களையும் பறக்கவிடுகிறார்கள். ட்ரோன் திறந்தவெளியில் உதவும், இலை மூடிய காட்டில் அவ்வளவு உதவாது. அங்கே நாயின் மூக்குதான் மேல்.

அவசரம் எதற்கு என்பதை ஜெர்மனியின் ஃபிரெடரிக் லோஃப்லர் ஆய்வு நிறுவனம் ஒரு சோதனையால் காட்டியது. காட்டில் பன்றிச் சடலங்களை வைத்து, தானியங்கிக் கேமராக்களால் கவனித்தார்கள். கோடையில் நான்கே நாளில்கூட எலும்பு மட்டும் மிஞ்சியது. குளிரில் மூன்று மாதம்வரை ஆனது. வேறு காட்டுப்பன்றிகள் வந்து மோந்தன, சுற்றியிருந்த மண்ணைக் கிளறின. நேரடியாகத் தொட்டது சராசரியாகப் பதினைந்து நாள் கழித்து. தம் இனத்தைத் தின்றதாக ஒரு படமும் பதிவாகவில்லை. செத்த பன்றி சாட்சி மட்டுமல்ல, அடுத்த பன்றிக்கு நோய் கொடுப்பதும் அதுவே. கண்டெடுத்தால் தகவலும் கிடைக்கிறது, தொற்றும் அகல்கிறது. கண்காணிப்பும் கட்டுப்பாடும் இப்படி ஒரே வேலையாக அமையும் நோய்கள் குறைவு.

ஆய்வகத்தில்

புதிய சடலம் என்றால் மண்ணீரல், நிணநீர் முடிச்சு, சிறுநீரகம், உறையாமல் காக்கப்பட்ட இரத்தம் ஆகியவை எடுக்கப்படும். அழுகியதென்றால் இரத்தத்தில் தோய்த்த பஞ்சுக்குச்சி. எலும்புதான் மிச்சம் என்றால் தொடையெலும்பைப் பிளந்து மஜ்ஜை. கொரோனா காலத்தில் எல்லாருக்கும் பழகிப்போன பிசிஆர் சோதனைதான் இங்கும்; வைரஸின் உறைப்புரதம் ஒன்றை உருவாக்கும் மரபணுப் பகுதியைப் பெருக்கித் தேடுகிறார்கள். பிசிஆர் செத்த வைரஸையும் காட்டும் என்பதால், அது உயிருள்ளதா என்று அறிய உயிரணு வளர்ப்பில் இட்டுப் பார்க்க வேண்டும். எலைசா சோதனை எதிர்ப்பொருளைத் தேடுவது.

இரண்டையும் சேர்த்து வாசிப்பதில்தான் பயன் இருக்கிறது. வைரஸ் உண்டு, எதிர்ப்பொருள் இல்லை என்றால் தொற்று மிகப் புதிது. இரண்டும் உண்டு என்றால் தொற்றி ஒன்றிரண்டு வாரம் ஆகியிருக்கிறது. எதிர்ப்பொருள் மட்டும் என்றால் பிழைத்த பன்றி. ஒரு வட்டாரத்தில் முதல் வகை மட்டுமே கிடைத்தால் நோய் இப்போதுதான் நுழைகிறது. மூன்றாம் வகை பெருகினால் அது நெடுநாளாகக் குடியிருக்கிறது. ஒரே ஆய்வகச் சீட்டு நோயின் வயதையும் இப்படிச் சொல்லிவிடும்.

பண்ணையில்

பண்ணையில் சடலத்தைத் தேட வேண்டியதில்லை. சொல்ல மனம் வேண்டும். 1997 பிப்ரவரியில் நெதர்லாந்தில் கிளாசிக்கல் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது, அது ஏற்கெனவே ஐந்து முதல் ஏழு வாரங்களாகப் பண்ணைகளுக்கிடையே சுற்றிக்கொண்டிருந்தது. முப்பதுக்கு மேற்பட்ட பண்ணைகளுக்குள் புகுந்தும் இருந்தது. முடிவில் 429 பண்ணைகள். நோயாலும் நோய்த்தடுப்பு விதிகளாலும் ஒரு கோடிக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. உலகின் மிக ஒழுங்கான பண்ணைத் தொழில்களுள் ஒன்று அது. இரண்டு பன்றிக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வேறு நோயென நினைத்து ஊசி போட்டுப் பார்ப்பதுதான் எங்கும் வழக்கம். அந்தக் காத்திருப்பின் விலையே அந்தக் கோடி.

ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கண்டுபிடித்த விதி எளியது, சிக்கனமானது. நோய் அபாயம் உள்ள வட்டாரங்களில் ஒவ்வொரு பண்ணையும் வாரத்தில் முதலில் இறக்கும் இரண்டு பன்றிகளை, பால்குடி மறந்தவையாக இருந்தால், எதனால் செத்தன என்று பாராமல் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆயிரம் பன்றியுள்ள கொட்டிலில் நலமாக நிற்கும் ஐம்பதுக்கு இரத்தம் எடுப்பதைவிட, செத்த இரண்டைச் சோதிப்பது நோயை முன்னதாகக் காட்டிக்கொடுக்கும். காட்டில் கற்ற பாடம் கொட்டிலுக்கு வந்த கதை இது. ஐரோப்பாவில் பண்ணைகளில் இந்நோய் கோடையில், ஜூலை முதல் செப்டம்பர் வரை, உச்சம் தொடுகிறது. சோதனையின் கவனமும் அப்போது கூடுகிறது. உயிரோடுள்ளவற்றிடம் மாதிரி எடுக்க வலியில்லாத வழியும் உண்டு. கொட்டிலில் பருத்திக் கயிற்றைத் தொங்கவிட்டால் பன்றிகள் ஆர்வத்தோடு வந்து மெல்லும். கயிற்றைப் பிழிந்தால் கூட்டத்தின் உமிழ்நீர் மொத்தமும் ஒரே குப்பியில்.

இழப்பீடுதான் இதன் மறுபக்கம். நோய் உறுதியானால் அந்தப் பண்ணையின் பன்றிகள் எல்லாமும் கொல்லப்படும். உரிய விலை, உரிய நேரத்தில் வராது என்று வளர்ப்பவர் நினைத்தால், நோய் கண்டதும் மிச்சமிருக்கும் பன்றிகளை அவசரமாக விற்றுவிடுவார். அது குற்றம் என்று சொல்வது எளிது. அவர் கணக்கும் கணக்குத்தான். விற்ற பன்றியோடு வைரஸும் சந்தைக்குப் போகும், அந்தப் பண்ணை கண்காணிப்பின் பதிவேட்டில் நோயற்றதாகவே நிற்கும்.

இந்தியக் காடுகளில்

இந்தியாவில் ஆப்பிரிக்கக் காய்ச்சல் முதலில் தெரிந்தது 2020-இல், அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும். போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிறுவனம் அதை உறுதி செய்தது. வடகிழக்கில் பன்றி வளர்ப்பு வீட்டுக்கு வீடு நடப்பது. பொது முடக்கத்தின் நடுவே நோய் மாவட்டம் மாவட்டமாக நகர்ந்தது. அசாமின் மானஸ் புல்வெளிகளில் எஞ்சியிருக்கும் குள்ளப்பன்றி என்னும் அரிய இனத்துக்கும் ஆபத்து என்ற அச்சம் அப்போதே எழுந்தது. 2022 ஜூலையில் கேரளத்தின் வயநாட்டில் மானந்தவாடிப் பகுதிப் பண்ணைகள். 2023 ஜனவரியில் முதுமலை புலிகள் காப்பகத்தில் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்துச் செத்துக்கிடந்தன. உறுப்புகளை ஆராய்ந்த இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் ஆப்பிரிக்கக் காய்ச்சலை உறுதி செய்தது. 2024-இல் இலங்கையும் பட்டியலில் சேர்ந்தது.

ஐரோப்பிய முறையை இங்கே அப்படியே நடத்த முடியாது. காட்டுப்பன்றி 1972-ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது; பொழுதுபோக்கு வேட்டை கிடையாது, எனவே வேட்டைக்காரர் அனுப்பும் மாதிரியும் கிடையாது. பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட 2022 முதல் கேரளம் உள்ளாட்சித் தலைவர்கள் வழியாக அனுமதிக்கிறது. தமிழ்நாடு 2025-இல், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம் என்றது. சுட்ட பன்றியைப் புதைக்கும் முன் ஒரு குப்பி இரத்தம் எடுத்துவைப்பது பெரிய செலவில்லை. ஆனால் முன்பே பார்த்தபடி, சுட்ட பன்றி சொல்லும் செய்தி கொஞ்சம்தான். இங்கும் சடலமே சாட்சி.

அந்தச் சாட்சி இங்கே சீக்கிரம் மறைந்துவிடுகிறது. வெயிலும் ஈரமும் ஒருபுறம். புலி, சிறுத்தை, செந்நாய், கழுதைப்புலி என்று தின்ன ஆள் மறுபுறம். வைரஸ் இவ்விலங்குகளைத் தாக்காது. ஆனால் இழுத்துப்போன காலில் மஜ்ஜையும் போகிறது. புலிகள் காப்பகத்தில் தினமும் ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலர்களே இங்கே அந்த ஜெர்மானிய நாய்களின் வேலையைச் செய்கிறார்கள், பெரும்பாலும் அருகிலுள்ள பழங்குடிக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். முதுமலையில் பன்றிச் சாவுகள் தற்செயலல்ல என்று தெரிந்ததே, நடந்து பார்ப்பவர்கள் அங்கே இருந்ததால்தான். காப்பகமாக இல்லாத காட்டுத் துண்டுகளில், தேயிலைத் தோட்டச் சரிவுகளில், ஊரோரக் கரும்புக்காட்டில் அப்படி யாரும் நடப்பதில்லை. ஓட்டல் மிச்சத்தைத் தின்று வளரும் ஊர்ப்பன்றியும் காட்டுப்பன்றியும் சந்திப்பதோ அந்த ஓரங்களில்தான்.

கொல்லாத வைரஸ்

மேலே சொன்ன முறை முழுவதும் ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது: இந்த வைரஸ் கொல்லும் என்ற அனுமானம். எஸ்தோனியாவின் வடகிழக்கில் 2014-லேயே அதற்கு ஒரு எச்சரிக்கை வந்தது. சுட்ட பன்றிகளில் எதிர்ப்பொருள் உள்ளவை எதிர்பாராத அளவு கிடைத்தன. பின்னர் அங்கிருந்து பிரித்தெடுத்த ஒரு வைரஸில் மரபுக்குறிப்பின் ஒரு பகுதி உதிர்ந்துபோய், அதன் வீரியம் குறைந்திருந்தது. 2021-இல் சீனாவின் ஹெனான், ஷான்டோங் மாகாணங்களில் கிடைத்தவை இன்னும் கவலையளித்தன. அவை யுரேசியாவில் பரவியிருந்த இரண்டாம் மரபு வகையைச் சேராத முதல் மரபு வகை. பன்றியைக் கொல்லாமல் மூட்டுவீக்கமும் தோல்புண்ணுமாக நாள்பட்ட நோயைத் தந்தன, ஆனால் பன்றிக்குப் பன்றி நன்றாகத் தொற்றின. அதற்குப்பின் இரு மரபு வகைகளும் கலந்த வைரஸ்களும் சீனாவிலும் வியட்நாமிலும் தென்பட்டன, அவை கொல்பவை. வியட்நாம் 2022 முதல் உயிருள்ள தடுப்பு மருந்துகளுக்கு உரிமம் தந்திருக்கிறது. அந்த மருந்தின் எதிர்ப்பொருளை நோயின் எதிர்ப்பொருளிலிருந்து பிரித்தறியப் பரவலான சோதனை எதுவும் இன்னும் இல்லை.

கொல்லாத வைரஸைச் சுமக்கும் பன்றி புதரில் செத்துக்கிடந்து கண்ணில் படப்போவதில்லை. பண்ணையில் வாரம் இரண்டு சடலத்தைச் சோதிக்கும் விதியும் அதைப் பிடிக்காது. அத்தகைய பன்றியைக் கண்டறிய உயிரோடு நிற்பவற்றின் இரத்தத்தையும் உமிழ்நீரையும் பார்ப்பது ஒன்றே வழி. சீனாவின் பெரிய பண்ணைகளில் கொட்டில் கொட்டிலாக அந்தச் சோதனை இப்போது வழக்கமாக நடக்கிறது. காட்டுப்பன்றிகளுக்கு அதை எந்த நாட்டாலும் செய்ய முடிவதில்லை.